ஐந்து ஸ்டார் மட்டும் போதுமா? மிட்சைஸ் செடான் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை. அடையாறு காந்தி நகரில் குடியிருக்கும் ஒரு குடும்பம் கார் ஷோரூமுக்குக் கிளம்புகிறது. கணவன், மனைவி இருவருக்கும் ஓஎம்ஆரில் வேலை. பள்ளிக்குப் போகும் ஒரு குழந்தை. முட்டிவலியோடு அப்பா, அம்மா. பட்ஜெட் 13 லட்சம் ரூபாய். மூன்று மணி நேரம் கழித்து வெளியே வரும்போது பட்ஜெட் 17 லட்சமாகியிருக்கும். நடுவில் நடந்தது ஒரே ஒரு வசனம்தான்: "சார், இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா டாப் மாடலே வந்துடும். இஎம்ஐ-ல பெரிய வித்தியாசமே தெரியாது."

வித்தியாசம் தெரியும். மாதாமாதம், ஐந்து வருஷத்துக்குத் தெரியும். அந்தக் கூடுதல் பணம் எதற்குப் போகிறது, உயிரைக் காக்கும் விஷயத்துக்கா அல்லது கண்ணுக்குக் குளிர்ச்சியான விஷயத்துக்கா என்பதுதான் கேள்வி. ஹூண்டாய் வெர்னா, ஹோண்டா சிட்டி, ஃபோக்ஸ்வேகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா என நான்கு கார்கள் இந்த வகுப்பில் போட்டி போடுகின்றன. ஒரு காலத்தில் நன்றாக விற்ற மாருதி சியாஸ் 2025-ல் விடைபெற்றுவிட்டது. மிச்சமிருக்கும் நான்கில் எதை, எந்த ட்ரிம்மில் வாங்குவது? படிப்படியாகப் பார்ப்போம்.

சென்னைக்கும் செடானுக்கும் பழைய உறவு

எஸ்யூவி மோகத்தில் செடான் மறக்கப்பட்டாலும், அந்த வகைக் கார்களோடு சென்னைக்கு நீண்ட பந்தம் உண்டு. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் ஹெரால்டு, மயிலாப்பூர் முதல் அடையாறு வரை பல வீட்டு வாசல்களில் நின்ற கார். 1990-களின் கடைசியில் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர், மறைமலை நகரில் ஃபோர்டு ஐகான், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆக்சென்ட் என வரிசையாகத் தயாராயின. ஃபோர்டு கடையைக் கட்டிவிட்டது. ஹூண்டாய் நிற்கிறது. இன்றைய வெர்னா அதே இருங்காட்டுக்கோட்டையிலிருந்துதான் வருகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் வெர்னாவை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். நம்ம ஊர்ல செய்யுற கார் என்பதால் சலுகை எதுவும் கிடையாது.

முதலில் ஒரு கேள்வி: மிட்சைஸ் உண்மையிலேயே வேண்டுமா?

நம் நாட்டில் காரின் நீளம் வெறும் அளவு மட்டுமல்ல, அது வரிக் கணக்கும்கூட. 2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜிஎஸ்டி மாற்றத்தின்படி, 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு 18 சதவீதம் வரி. அதைத் தாண்டினால் 40 சதவீதம். மாருதி டிசையரின் நீளம் 3,995 மில்லிமீட்டர். 4 மீட்டர் கோட்டுக்கு 5 மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட்டது. அது தற்செயல் அல்ல. வெர்னா 4,535 மில்லிமீட்டர், விர்டஸ் 4,561 மில்லிமீட்டர். இரண்டும் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

இதோடு தமிழ்நாட்டின் ஆயுட்கால சாலை வரி சேர்கிறது. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம்.

இரண்டையும் சேர்த்து ஒரு கணக்கு போடுவோம். வரிக்கு முன் 8 லட்சம் ரூபாய் விலை உள்ள இரண்டு கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று சின்னது, இன்னொன்று பெரியது. சாலை வரியை ஷோரூம் விலை மீது கணக்கிட்டால்:

• சின்ன கார்: 18 சதவீத ஜிஎஸ்டியோடு 9.44 லட்சம். அதன்மீது 13 சதவீத சாலை வரி. மொத்தம் சுமார் 10.67 லட்சம்.

• பெரிய கார்: 40 சதவீத ஜிஎஸ்டியோடு 11.20 லட்சம். அதன்மீது 18 சதவீத சாலை வரி. மொத்தம் சுமார் 13.22 லட்சம்.

தொழிற்சாலை வாசலில் ஒரே விலை. வீட்டு வாசலில் இரண்டரை லட்சம் வித்தியாசம். அந்தப் பணம் முழுக்க வரி.

ஆகவே, வீட்டில் மூன்று பேர்தான், வெளியூர்ப் பயணம் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் என்றால் சின்ன செடானே போதும். பாதுகாப்பில் குறை என்றும் சொல்ல முடியாது. புதிய டிசையர் 2024 நவம்பரில் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 ஸ்டார் வாங்கியது. ஆனால் ஐந்து பேர் அடிக்கடி ஒன்றாகப் போகிறீர்கள், அப்பா அம்மாவோடு திருச்சி, மதுரை என்று நெடுஞ்சாலையில் போகிறீர்கள் என்றால் மிட்சைஸுக்கு அர்த்தம் இருக்கிறது. வெர்னாவின் டிக்கி 528 லிட்டர், விர்டஸ் 521, சிட்டி 506. டிசையரில் 382. கல்யாணத்துக்குக் கிளம்பும்போது இந்த வித்தியாசம் புரியும்.

"தகடு கனமா இருக்கு" என்பது தரமா?

கார் பார்க்கப் போனால் நம்மில் பலர் செய்வது இரண்டு. கதவை 'டப்' என்று சாத்தி சத்தத்தைக் கேட்பது. பானெட்டை விரலால் தட்டிப் பார்ப்பது. "பழைய அம்பாசடர்ல ஏறி நின்னாலும் நசுங்காது" என்று மாமா ஒருவர் கட்டாயம் சொல்வார்.

சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விபத்தில் அது நல்லதல்ல. முன்பக்கம் நசுங்காத காரில் மோதலின் வேகம் முழுவதும் உள்ளே இருப்பவர் மீது இறங்கும். நன்றாகக் கட்டப்பட்ட காரில் இரண்டு பகுதிகள் இரண்டு விதமாக நடந்துகொள்ள வேண்டும். எஞ்சின் இருக்கும் முன்பகுதி கசங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆட்கள் உட்காரும் கூடு மட்டும் கசங்கவே கூடாது. கதவுச் சத்தம் பெரும்பாலும் ரப்பர் பீடிங், கதவுப் பூட்டு, உள்ளே ஒட்டும் அதிர்வுத் தடுப்புத் தகடு இவற்றின் வேலை. கூட்டின் வலிமைக்கு அது சாட்சி அல்ல.

அப்படியானால் சாட்சி எது? மோதல் சோதனை. குளோபல் என்கேப் அமைப்பு, காரை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முன்பக்கத்தின் ஒரு பகுதி மட்டும் படும்படி தடுப்பில் மோத விடுகிறது. 2022 முதல் பக்கவாட்டு மோதல், இஎஸ்சி போன்றவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. 2023-ல் இந்த வகுப்பின் மூன்று கார்களும் 5 ஸ்டார் வாங்கின.

• விர்டஸ், ஸ்லாவியா (2023 ஏப்ரல்): பெரியவர்கள் பாதுகாப்பில் 34-க்கு 29.71. குழந்தைகள் பாதுகாப்பில் 49-க்கு 42.

• வெர்னா (2023 அக்டோபர்): பெரியவர்கள் பாதுகாப்பில் 34-க்கு 28.18. குழந்தைகள் பாதுகாப்பில் 49-க்கு 42.

விளம்பரத்தில் மூன்றும் ஒன்றுதான்: 5 ஸ்டார். ஆனால் அறிக்கையில் இன்னொரு வரி உண்டு. விர்டஸ், ஸ்லாவியாவின் கூடு 'நிலையானது' என்று மதிப்பிடப்பட்டது. வெர்னாவின் கூடு 'நிலையற்றது' என்று மதிப்பிடப்பட்டது. அதாவது, அந்தச் சோதனை வேகத்தைவிட அதிக அடியைத் தாங்கும் கையிருப்பு அதில் இல்லை என்று பொருள்.

அப்படின்னா வெர்னா ஆபத்தான காரா? இல்லை. 5 ஸ்டார் உண்மையான 5 ஸ்டார்தான். சோதனை பொம்மைகளுக்குக் கிடைத்த பாதுகாப்பை அளந்துதான் புள்ளி தரப்படுகிறது. ஏர்பேக், சீட் பெல்ட் எல்லாம் தங்கள் வேலையைச் செய்திருக்கின்றன. ஆனால் 64 கிலோமீட்டர் வேகத்தில் தேர்வு எழுதிய கார், கிழக்குக் கடற்கரைச் சாலையில் 90-ல் போகும்போது என்ன கையிருப்போடு போகிறது என்பதை ஸ்டார் சொல்லாது, கூட்டைப் பற்றிய வரி சொல்லும். வாங்குபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த பிறகு வெர்னாவின் இடவசதிக்காகவோ சர்வீஸ் வசதிக்காகவோ அதையே தேர்ந்தெடுத்தால் அது நியாயமான முடிவு. தெரியாமல் எடுப்பதுதான் பிரச்சினை.

ஷோரூமில் "சார், இதுவும் ஃபைவ் ஸ்டார், அதுவும் ஃபைவ் ஸ்டார்" என்றால் ஒரே கேள்வி கேளுங்கள்: "பாடிஷெல் ஸ்டேபிளா, அன்ஸ்டேபிளா?" பதில் வரவில்லை என்றால் வீட்டுக்கு வந்து போனிலேயே அறிக்கையைத் தேடிப் படிக்கலாம். இலவசம்தான்.

ட்ரிம் என்னும் ஏணி

இப்போது பணம் கரையும் இடத்துக்கு வருவோம். 2023 மார்ச்சில் ஆறாம் தலைமுறை வெர்னா வந்தபோது அதன் 1.5 லிட்டர் சாதா பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர் வரிசையில் நான்கு படிகள் இருந்தன. அறிமுக ஷோரூம் விலை தோராயமாக இப்படி:

• இஎக்ஸ்: 10.90 லட்சம்
• எஸ்: 11.96 லட்சம்
• எஸ்எக்ஸ்: 12.99 லட்சம்
• எஸ்எக்ஸ்(ஓ): 14.66 லட்சம்

இன்று விலை மாறியிருக்கும், வசதிப் பட்டியலும் மாறியிருக்கும். ஆனால் ஏணியின் அமைப்பு எல்லா நிறுவனங்களிலும் இதேதான். கீழ்ப்படிக்கும் மேல்படிக்கும் எஞ்சின் ஒன்று, கியர்பாக்ஸ் ஒன்று, கூடும் ஒன்று. வித்தியாசம் 3.76 லட்சம்.

அந்த 3.76 லட்சத்தோடு 18 சதவீத சாலை வரி சேர்ந்தால் 4.44 லட்சம். அதை 9 சதவீத வட்டியில் 5 வருஷக் கடனாக எடுத்தால் மாதம் சுமார் 9,210 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 5.5 லட்சம். இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறுவது தனி. கடைசி ஒரு படியை மட்டும், அதாவது எஸ்எக்ஸிலிருந்து எஸ்எக்ஸ்(ஓ) ஏறுவதை மட்டும் பார்த்தாலும் வரியோடு ஏறக்குறைய 2 லட்சம், மாதம் 4,090 ரூபாய். "பெரிய வித்தியாசமே தெரியாது" என்பதன் விலை இதுதான்.

என்ன கிடைக்கிறது? மேல்படியில் 10.25 அங்குலத் திரை, போஸ் ஸ்பீக்கர், காற்று வரும் முன் சீட், சில வடிவங்களில் ஏடிஏஎஸ் எனப்படும் ஓட்டுநர் உதவி வசதிகள். கூடவே சீட்டைச் சூடாக்கும் வசதியும் இருந்தது. மே மாதம் சாஸ்திரி நகரில் வெயிலில் நிறுத்திய காரில் ஏறியவர்களுக்கு, சீட்டைச் சூடாக்கத் தனி பட்டன் எதற்கு என்று தோன்றும். சிம்லாக்காரருக்கும் சென்னைக்காரருக்கும் ஒரே பட்டியல். விலையும் ஒன்று.

இதில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம் என்பதை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

பேரம் பேசாமல் வேண்டியவை: ஆறு ஏர்பேக், இஎஸ்சி, ஐந்து பேருக்கும் மூன்று முனை சீட் பெல்ட், குழந்தை சீட்டுக்கான ஐசோஃபிக்ஸ். இஎஸ்சி என்றால் என்ன? மழையில் நனைந்த ஈசிஆரில் திடீரென்று மாடு குறுக்கே வந்து ஸ்டியரிங்கை ஒடிக்கிறீர்கள். கார் பின்பக்கம் வழுக்கத் தொடங்கும்போது, எந்தச் சக்கரத்தில் பிரேக் போட்டால் கார் நேராகும் என்று கணக்கிட்டு அதுவே போடும். உங்கள் காலால் அதைச் செய்ய முடியாது. இஎஸ்சி எந்தப் படியிலிருந்து வருகிறது என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாத படி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

வசதிக்காகக் கொடுக்கலாம்: ரிவர்ஸ் கேமரா, பின் சீட்டுக்கு ஏசி காற்று, உயரம் மாற்றக்கூடிய ஓட்டுநர் சீட், நல்ல ஹெட்லைட். முடிந்தால் காற்று வரும் சீட். சென்னையில் அது ஆடம்பரம் இல்லை.

தயங்காமல் விட்டுவிடலாம்: சன்ரூஃப், பெரிய அலாய் வீல், வண்ண விளக்கு, பெரிய திரை. சன்ரூஃப் இங்கே பெரும்பாலும் மூடியே இருக்கும். பெரிய வீலுக்கு டயர் விலையும் அதிகம், டயரின் பக்கச் சுவர் குறைவு என்பதால் பள்ளத்தில் அடியும் அதிகம்.

ஏடிஏஎஸ்? இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கோடு விலகினால் திருத்தும் வசதி எல்பி ரோட்டில் எதற்கும் உதவாது, கோடே இல்லையே. ஆனால் முன்னால் போகும் வண்டி திடீரென்று நின்றால் தானாகப் பிரேக் போடும் வசதி, இரவில் நெடுஞ்சாலையில் அதிகம் போகிறவர்களுக்கு உயிர்காக்கும். 2023-ல் புதுப்பிக்கப்பட்ட சிட்டியில் இந்தத் தொகுப்பை ஹோண்டா உச்சிப் படியில் மட்டும் வைக்கவில்லை, இரண்டாம் படியான 'வி'-யிலிருந்தே கொடுத்தது. அதுதான் சரியான வழி. பாதுகாப்புக்காகப் போஸ் ஸ்பீக்கரையும் சேர்த்து வாங்க வேண்டிய கட்டாயம் எதற்கு?

ஓஎம்ஆர் நெரிசலுக்கு எந்த கியர்பாக்ஸ்?

அடையாறு சிக்னல், மத்திய கைலாஷ், டைடல் பார்க் எனத் தினமும் ஊர்ந்து போகிறவருக்கு ட்ரிம்மைவிட முக்கியம் கியர்பாக்ஸ். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி எல்பி ரோட்டையும் ஓஎம்ஆரையும் ஆக்கிரமித்ததிலிருந்து இடது காலுக்கு ஓய்வே இல்லை. ஆட்டோமேட்டிக் இங்கே நியாயமான செலவு. ஆனால் எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றல்ல.

சிவிடி (வெர்னாவில் ஐவிடி என்று பெயர்) மென்மையானது, ஊர்ந்து போக ஏற்றது. நெடுஞ்சாலையில் வேகமாக மிதித்தால் எஞ்சின் சத்தம் மட்டும் கூடும். விர்டஸ், ஸ்லாவியாவின் 1.0 லிட்டர் எஞ்சினோடு வரும் 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் பழகிய தொழில்நுட்பம், நெரிசலைத் தாங்கும். 150 குதிரைத்திறன் கொண்ட 1.5 டிஎஸ்ஐ-யோடு வருவது இரட்டை கிளட்ச் டிஎஸ்ஜி. ஓட்டுவதற்கு அருமை. ஆனால் அது உலர் கிளட்ச் வகை. அரை அடி, அரை அடியாக நகர்த்திக்கொண்டே இருந்தால் கிளட்ச் சூடாகும். டிஎஸ்ஜி வாங்குகிறவர் முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, மொத்தமாக நகர்த்தி, மொத்தமாக நிறுத்தப் பழக வேண்டும். இரண்டாவது செய்தி: கூடுதல் வாரண்டி எடுக்க வேண்டும்.

அப்போ ஹைப்ரிட்? 2022 மே மாதம் வந்த சிட்டி ஹைப்ரிட், ஊர்ந்து போகும் போக்குவரத்தில்தான் நன்றாக மிச்சம் பிடிக்கும். அடையாறிலிருந்து சிறுசேரிக்கு ஒரு வழிக்கு 20 கிலோமீட்டர், மாதம் 22 நாள் என்று வைத்தால் வருஷத்துக்கு 10,560 கிலோமீட்டர். சாதா பெட்ரோல் கார் நெரிசலில் 11 கிலோமீட்டர், ஹைப்ரிட் 20 கிலோமீட்டர் கொடுக்கிறது, பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று கொள்வோம். மிச்சம் வருஷத்துக்கு ஏறக்குறைய 43,600 ரூபாய். விலை வித்தியாசம் 5 லட்சம் என்றால் வரியோடு 5.9 லட்சம். போட்ட பணம் திரும்ப 13 வருஷத்துக்கு மேல் ஆகும். அமைதிக்கும் மென்மைக்கும் ஆசைப்பட்டு வாங்கலாம். மிச்சம் பிடிக்க வாங்குகிறேன் என்று சொல்லாதீர்கள்.

மழைக்காலம்: பட்டியலில் இல்லாத சோதனை

2015 டிசம்பரில் அடையாற்றில் வெள்ளம் வந்தபோது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் கார்கள் என்னவாயின என்பதை யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மக்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தினார்கள். யாரும் சிரிக்கவில்லை. அனுபவம் அப்படி.

செடான் தாழ்வான கார். விர்டஸ், ஸ்லாவியாவின் தரை இடைவெளி 179 மில்லிமீட்டர், சிட்டியில் 165. இது ஆள் ஏறாதபோது எடுத்த அளவு. ஐந்து பேர் ஏறினால் குறையும். அதனால் டெஸ்ட் டிரைவுக்கு ஒருவர் மட்டும் போகாதீர்கள். முழுக் குடும்பத்தோடு போய் உங்கள் தெரு வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். அடியில் உரசினால் அங்கேயே தெரிந்துவிடும்.

இன்சூரன்ஸில் ஒரு எச்சரிக்கை. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குள் நீர் போகும். நீரை அழுத்த முடியாது என்பதால் உள்ளே கனெக்டிங் ராடு வளையும். சாதாரண முழுக் காப்பீட்டில் இது 'பின்விளைவுச் சேதம்' என்ற கணக்கில் விழும், பணம் கிடைக்காமல் போகலாம். எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சன்ரூஃபுக்குக் கொடுக்கும் காசில் சிறு பகுதிதான் ஆகும். அதோடு ஒரு விதி: தண்ணீரில் நின்ற கார் என்றால் சாவியைத் தொடாதீர்கள், டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

பெசன்ட் நகர், சாஸ்திரி நகர், திருவான்மியூர் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் உண்டு. மழைக்குப் பிறகு காரின் அடிப்பகுதியைக் கழுவுவது துரு வராமல் பாதுகாக்கும்.

அப்பாவின் முட்டியும் அபார்ட்மென்ட் தூணும்

தமிழ்நாட்டின் கட்டட விதிகளில் ஒரு கார் நிறுத்தும் இடம் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். வெர்னாவின் அகலம் 1.765 மீட்டர். சைடு மிரரைக் கணக்கில் எடுக்காமலே, நடுவில் நிறுத்தினால் ஒவ்வொரு பக்கமும் மிச்சம் 37 சென்டிமீட்டர்தான். கஸ்தூர்பா நகரின் பழைய அடுக்குமாடிகளில் அதுகூட இருக்காது, ஒரு பக்கம் தூண், இன்னொரு பக்கம் பக்கத்து வீட்டு ஸ்கூட்டர். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் டேப் எடுத்து அளந்துவிடுங்கள். கதவு முழுசாகத் திறக்குமா, வயதானவர் இறங்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால், அவர்களை வாசலில் இறக்கிவிட்டுப் பிறகு காரை உள்ளே கொண்டுபோவதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

செடானில் உட்காருவது என்றால் கீழே இறங்கி உட்காருவது. முட்டிவலி உள்ளவருக்கு இறங்கும்போதுதான் சிரமம். ஆகவே பின் சீட்டை முடிவு செய்ய வேண்டியது அப்பாவும் அம்மாவும்தான். ஷோரூம் ஏசியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் போதாது. நாலு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர்கள் "பரவாயில்லைப்பா" என்றால் அதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின் சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் ஐந்து ஸ்டாரும் ஆறு ஏர்பேக்கும் வீண். எந்த ட்ரிம்மிலும் இலவசமாக வரும் பாதுகாப்பு அது ஒன்றுதான்.

எங்கள் முடிவு

ஐந்து பேர் குடும்பம், ஓஎம்ஆர் வேலை, மாதம் ஒருமுறை நெடுஞ்சாலை என்ற நம் உதாரணக் குடும்பத்துக்கு நாங்கள் சொல்வது: கூட்டின் வலிமைக்கு முதலிடம் என்றால் விர்டஸ் அல்லது ஸ்லாவியாவின் 1.0 லிட்டர், நடுப்படி, டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். இடவசதி, மென்மையான நகர ஓட்டம் முக்கியம் என்றால் வெர்னா அல்லது சிட்டியின் நடுப்படி. எந்தக் காராக இருந்தாலும் உச்சிப் படி வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் எஞ்சின் புரொடெக்ட், கூடுதல் வாரண்டி, நல்ல குழந்தை சீட் மூன்றையும் வாங்கிவிட்டு, மீதியைக் கடனில் குறைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குப் பிடிக்கும் 1 சதவீத டிசிஎஸ், வருமான வரிக் கணக்கில் காட்டிக்கொள்ளக்கூடியது. அதையும் மறக்க வேண்டாம்.

வாங்குபவர் கணக்கு இதோடு முடிகிறது. ஆனால் விற்பவருக்கும் அரசுக்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு.

2022-ல் விர்டஸ் வந்தபோது ஆறு ஏர்பேக் மேல்படிக்காரருக்கு மட்டுமே. 2024-ல் அதே காரில் எல்லாப் படிக்கும் ஆறு ஏர்பேக் தரப்பட்டது. ஹூண்டாய் 2023-ல் தன் எல்லா மாடலுக்கும் ஆறு ஏர்பேக் என்று அறிவித்தது. நிறுவனங்கள் திவாலாகிவிடவில்லை. ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கும் முயற்சியை மத்திய அரசு கைவிட்ட பிறகும், வாங்குபவர்கள் கேட்டதால் வந்த மாற்றம் இது. ஏர்பேக்கில் முடிந்தது தானியங்கி பிரேக்கிலும் முடியும். சன்ரூஃபை ட்ரிம்மாக விற்கலாம், தவறே இல்லை. உயிர்ப் பாதுகாப்பை ட்ரிம்மாக விற்பதை நிறுத்த வேண்டும்.

2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் இன்னும் விருப்பம் இருந்தால் மட்டுமே என்ற நிலையில் இருக்கிறது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மாடலும் சோதிக்கப்பட வேண்டும். ஸ்டாரோடு கூட்டின் நிலையும் ஷோரூமில், விலைப் பலகைக்குப் பக்கத்திலேயே, தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும். 18 சதவீதம் சாலை வரி கட்டுகிறவருக்கு அந்த ஒரு வரியைக் கேட்கும் உரிமை நிச்சயம் உண்டு.

அதுவரை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்குப் போகும்போது ஒரு தாளில் பட்ஜெட்டை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். "டாப் மாடலே வந்துடும் சார்" என்ற வசனம் வரும்போது அந்தத் தாளை ஒருமுறை பாருங்கள். பின் சீட்டில் உட்காரப் போகும் அப்பாவையும் ஒருமுறை பாருங்கள். எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.